சமையலறையில் கிடப்பது யாருடையது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று விடியற்காலையில் ஏதோ விமானம் தெருக்கோடி ஆயுதக் கிடங்கின் மேல் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. உள்ளேயிருந்த ராக்கெட்டுகள் நாலா பக்கமும் பறந்தன. பக்கத்து வீட்டு ஸாலிமா தொழுகைக்கு எழுந்தவள், ஒன்று விழுந்து அங்கேயே இறந்துபோனாள். எங்கள் சமையலறைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு இன்னொன்று விழுந்து, வெடிக்காமல், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருக்கிறது. நாங்கள் நாத்தனார் வீட்டில் இருக்கிறோம்.

ஆகஸ்ட் 20

காலையில், எங்கள் ஊர்ப் படைக்குழுவோடு போரிடும் கிழக்குத் தரப்பின் பேச்சாளர் தொலைக்காட்சியில் மார்தட்டினார்: அடித்தது நாங்கள்தான். ஸாலிமாவின் படம் வெளியானதும், மாலையில் அதே வாய்: எங்கள் விமானம் பறக்கவே இல்லை!

என் தம்பி தவ்ஃபீக் அவர்கள் பக்கம். போன் செய்தேன்.

“வெளிநாட்டுக்காரன் வேலை அக்கா. இருட்டுல பறக்குற விமானம் நம்மகிட்ட ஏது?”

“காலையில குதிச்சது யாருடா?”

“அது... வேற பேச்சுக்கா.”

என்ன வேறு பேச்சு?

ஆகஸ்ட் 22

கிடங்கு வைத்திருந்த படைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். ஷுஐப் என்பவன் பொறுப்பாளன். தேநீர் கொடுத்தான்.

“எந்தக் கிடங்கு? அங்க கோழித் தீவனம்தானே இருந்துச்சு.”

“அப்போ என் சமையக்கட்டுல கிடக்கிறது கோழித் தீவனமா?”

“குண்டு போட்டவனையே வந்து எடுக்கச் சொல்லுங்க.”

போட்டவனோ நான் போடவில்லை என்கிறான். வைத்திருந்தவன் நான் வைக்கவில்லை என்கிறான். அப்படியானால் அந்தச் சனியன் தானாக முளைத்ததா?

ஆகஸ்ட் 23

ஸாலிமாவின் கணவர் யூனுஸைப் பார்க்கப் போனோம். “யாரைச் சபிக்கிறதுன்னாவது சொல்லுங்களேன்” என்றார்.

ஆகஸ்ட் 25

என் கணவர் மிஃப்தாஹ் தானே கயிறு கட்டி அதை வெளியே இழுக்கப் போகிறாராம். “எங்க அப்பா கட்டின வீடு. விட்டுட்டு எங்கேயும் வரமாட்டேன்.” கத்தினேன். அழுதேன். போங்க, போய்ச் சாவுங்க, எனக்கென்ன — இப்படியெல்லாமா பேசுவேன்? புருஷனிடம்?

பிறகுதான் அந்த யோசனை வந்தது. ஷுஐபுக்குப் போன் போட்டேன். “என் தம்பி கிழக்குத் தரப்பு டிவிக்காரங்களுக்குச் சொல்லிட்டான். ராக்கெட்ல இருக்கிற உங்க குழுவோட எழுத்தைப் படம் பிடிக்க வர்றாங்களாம்.”

பொய்தான். தவ்ஃபீக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நாத்தனார் அடுப்பில் வைத்த தேநீர் கொதிப்பதற்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு அவன் வண்டி வந்துவிட்டது, மணல்மூட்டைகளோடு. குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“இது இங்க இருக்கவே இல்ல. புரியுதா?” என்றான் ஷுஐப்.

“எது?” என்றேன்.

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29

கூரைக்குத் தார்ப்பாய். சொந்த அடுப்பில் கோதுமை ரவை குஸ்குஸ். மிஃப்தாஹ் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் காலியாகக் கிடந்த டயர் கிடங்கில் காலை முதல் லாரிகள். நீளப் பெட்டிகள் இறங்குகின்றன. மேற்பார்வை ஷுஐப். என்னைப் பார்த்ததும், வேண்டியவர்களைப் பார்ப்பதுபோல் கையசைத்தான்.

மிஃப்தாஹ் மாடியில் நின்று வெகுநேரம் பார்த்தார். இறங்கிவந்து மெத்தைகளை எடுத்து கார் மேல் அடுக்கிக் கயிறு கட்டத் தொடங்கினார். யூனுஸ் வந்து, கேட்காமலே, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.