தொண்ணூற்றாறு டிகிரி

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் நம் வீட்டு வக்கீலான மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். விஷயமோ அவளைப் பற்றியது.

குளியலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வார்டில் நின்றபடியே சாப்பிடுகிறாயாமே, வேண்டாம். நோயாளிகளுக்கு நீ சொல்லும் அறிவுரையில் பாதியையாவது நீயும் கேள்.

போன மாதம் பள்ளி லேபில் ஒரு சோதனை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, தெர்மாமீட்டர் காட்டுவதை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நூறு டிகிரி என்று எழுதி முடித்துவிட்டார்கள். போன வருட நோட்டு கையில் இருக்கும்போது அடுப்பு எதற்கு? நம் மகள் மட்டும் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்து, மூன்று தெர்மாமீட்டர்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, தொண்ணூற்றாறு என்று எழுதியிருக்கிறாள். போதாததற்குக் கீழே ஒரு குறிப்பு: நம் ஊர் மலைமேல் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, எனவே தண்ணீர் இங்கே நூறுக்கு முன்பே கொதித்துவிடும். இந்த விளக்கம் அதே பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம் தள்ளி இருக்கிறது. அதுவரை யாரும் போனதில்லை போலிருக்கிறது.

சயின்ஸ் மிஸ் சிவப்பு மையால் அடித்து, திரும்ப எழுதச் சொன்னார். இவள் திரும்பச் சோதனை செய்து, திரும்பவும் தொண்ணூற்றாறு எழுதினாள். அத்துடன் இது அறிவியலிலிருந்து ஒழுக்கப் பிரச்சினையாகிவிட்டது. பக்கத்தை மாற்றி எழுதி, பெற்றோரின் வருத்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரெக்கார்டில் கையெழுத்துக் கிடையாது. கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அது போனால் கல்லூரியும் போச்சு.

நான் சண்டைபோடத்தான் போனேன், சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு. மிஸ் விவரம் தெரியாதவராக இருப்பார் என்று நம்பியிருந்தேன். அங்கேதான் ஏமாந்தேன். “எனக்குத் தெரியாதா சார்? எங்க வீட்ல உருளைக்கிழங்கு வேகறதுக்குள்ள பசியே போயிடுது” என்றார். அவரும் அதே லேபில் படித்தவர்தானாம். அவரும் நூறுதான் எழுதினாராம். தேர்வுக்குக் கீழேயிருந்து வருகிற எக்ஸாமினரின் விடைக்குறிப்பில் நூறு என்று இருக்கிறது. அதையும் சமாளிக்கலாம். “உங்க பொண்ணு எழுதினது சரின்னு போட்டா, மத்த முப்பத்தொன்பது பேர் எதைப் பார்த்து எழுதினாங்கன்னு கேப்பாங்க. அப்புறம் போன வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. நான் எங்க சார் போறது?” என்று அலமாரியைக் காட்டினார். உச்சிவரை ரெக்கார்டு நோட்டுகள். இந்த மலையில் ஒரு தலைமுறையே தண்ணீரை நூறு டிகிரியில் கொதிக்கவைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு எண்தானே, மாற்றிவிடேன் என்றேன். அவள் வாதாடவில்லை. “அப்பா, உங்க ரிஜிஸ்டர்ல எட்டு பத்து பஸ் எத்தனை மணிக்கு வருது?” என்று மட்டும் கேட்டாள். காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வரவேண்டிய, அவள் தினமும் காத்துக்கிடக்கிற பஸ் அது. எட்டரைக்கு வந்தால் அதிர்ஷ்டம். டிப்போவில் டைம் கீப்பராக நான் உட்கார்ந்த இந்தப் பத்தொன்பது வருடமும் அது என் ரிஜிஸ்டரில் எட்டு பத்துக்குத்தான் வந்திருக்கிறது. எட்டரை என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் கொடுத்தால் மேனேஜர் மாட்டுவார், எட்டு பத்து என்று எழுதினால் எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னேன். “மிஸ்ஸும் இதைத்தான் சொன்னாங்க. ஆனா சீக்கிரமா சொல்லி முடிச்சிட்டாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு கத்திவிட்டேன். உங்கம்மா கண்ணு முழிச்சு அங்க உழைக்கறது உன் நாலு டிகிரிக்காகவா என்று கேட்டேன். உன்னை இழுத்திருக்கக் கூடாது. அவள் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து, அடிக்கோடு போட்டு, முத்து முத்தாக நூறு என்று எழுதினாள். நான் வருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ரெக்கார்டில் ‘மிக நன்று’ போட்டிருக்கிறார்கள். ஆக, எல்லாம் பத்திரம்.

மூன்று வாரமாகிறது. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், சொன்னதைச் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்து, பௌர்ணமியில் பிறந்தவர்களுக்குக் கணக்கு வராது என்று அரைமணி நேரம் விளக்கினான். பௌர்ணமியில் பிறந்து கணக்கில் நூறு வாங்குகிறவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். “சரி மாமா” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். “பொண்ணு இப்பதான் மாமா அடக்கமாயிருக்கா” என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனான். நான் என்ன சொன்னாலும் “சரிப்பா” என்கிறாள். அவள் தொல்லை தாங்கவில்லை என்று உன்னிடம் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்!

எனக்காக ஒன்று செய். அடுத்த முறை பேசும்போது அவளிடம் வேண்டுமென்றே ஏதாவது தப்பாகச் சொல். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். அவள் திருத்தினால் உடனே ஒப்புக்கொண்டுவிடாதே. கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்று, பிறகு தோற்றுப்போ. அப்புறம் டிப்போ நம்பருக்குக் கூப்பிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்.

“சரிம்மா” என்று சொல்லிவிட்டாளானால், எப்படியாவது லீவு கேட்டுக்கொண்டு கிளம்பி வா. என் பேச்சை இனி அவள் மறுக்கமாட்டாள். அதனால் அவளைப் பழையபடி வாதாடவைக்க என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
வீட்டுக்காரன்