இரண்டு ஏஸ் இருந்தும் ஒன்று என்றேன்

என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தே வாழ்ந்து முடித்தவருக்கு,

நீங்கள் போய் நேற்றோடு ஒரு வருஷம் முடிந்தது. பசியாவரத்திலிருந்து உங்கள் அண்ணன் குடும்பம் படகில் வந்திருந்தது. நம் மகள் தேவியும் லீவு போட்டு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும், நம்மோடு சீட்டாடும் கம்பவுண்டர் அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். "நம்ம பதினொண்ணு இருந்தா, இன்னேரம் இலைய எடுக்கறதுக்குள்ள சீட்டக் கலைன்னு நின்னிருப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உங்களுக்கு அந்தப் பெயர் வந்த கதையை எல்லோரும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். பிரிட்ஜ் சீட்டாட்டச் சங்கத்து மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். அதில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்; உங்களுக்கு எழுதும் கடிதமாகவே வருகிறது.

காட்டூரில் நாற்று நட்ட என் கைக்குச் சீட்டு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான். ரயில்வே வேலையில் கற்றுக்கொண்ட ஆட்டத்தைப் பழவேற்காட்டில் ஆட ஆள் இல்லை. என்னைச் சேர்த்தீர்கள், பிறகு கம்பவுண்டரையும் அவர் மனைவியையும். "டச்சுக்காரன் இந்த ஊர்ல கல்லறைய மட்டுமா உட்டுட்டுப் போனான், சீட்டையும்தான்" என்று நீங்கள் விடும் கதையை அவர்கள் நம்பினார்கள்.

கையில் உள்ளதைக் காட்டாமல், கேள்வியும் பதிலுமாகவே எதிரே உட்காரும் கூட்டாளியின் கையை அறிந்து, பதின்மூன்று சுற்றில் எத்தனை பிடி, அதாவது எத்தனை சுற்று, எடுப்போம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். முதல் ஆறு பிடி கணக்கில் வராது; 'நாலு' என்றால் பத்து, 'ஐந்து' என்றால் பதினொன்று, 'ஆறு' என்றால் பன்னிரண்டு. பதின்மூன்றில் பன்னிரண்டு எடுப்போம் என்று சொல்லி எடுத்தால் ஸ்லாம். சொல்லாமல் எடுத்தால் அந்தப் பெருமை கிடையாது. உங்களுக்கு அந்த ஸ்லாமின் மேல் எவ்வளவு ஆசை!

அந்தப் பெயர் வந்தது சென்னையில் நடந்த ஒரு போட்டியில். முதல் சுற்றில் ஒரு அம்மாள் ஏதோ கேட்டார். "இன்னா?" என்றேன். அவர் தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் அதிகாரிகள் பின்னால் நின்றிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது.

கடைசி ஆட்டத்தில் அதே அம்மாள். ஸ்பேடுதான் நம் துருப்பு என்று முடிவாகிவிட்டது. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், "ஃபோர் நோ ட்ரம்ப்" என்றீர்கள். உன்னிடம் எத்தனை ஏஸ் என்று கேட்கிறீர்கள். என்னிடம் இரண்டு இருந்தது. இரண்டு என்றால் நீங்கள் ஆறுக்குப் போவீர்கள். போய்த் தோற்றால் உங்களையும் பார்த்துச் சிரிப்பார்களே? பதினொன்று போதுமே?

"ஃபைவ் டைமண்ட்" என்றேன். ஒரே ஒரு ஏஸ் என்று அர்த்தம்.

நீங்கள் ஐந்து ஸ்பேடோடு நிறுத்தினீர்கள். முதல் சீட்டு விழுந்ததும் ஆட்ட முறைப்படி என் கைச் சீட்டுகளை மேசைமேல் விரித்தேன். இரண்டு ஏஸும் அங்கே கிடந்தன. ஒரு நொடி பார்த்தீர்கள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஆடிப் பன்னிரண்டு பிடி எடுத்தீர்கள். போட்டியில் எல்லா மேசைக்கும் ஒரே சீட்டுதான்; மற்ற மேசைகளில் அதே சீட்டுக்கு ஆறு சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு ஆட்டத்தில் கோப்பை போயிற்று.

"ஏன் ஆறு சொல்லல?" என்றார் உங்கள் அதிகாரி.

"நான்தான் சார். தப்பா எண்ணிட்டேன்."

பொன்னேரியில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். "கஸ்தூரி, பயந்துட்டியா?"

"இன்னா பயம்? கவனிக்கல, அவ்ளோதான்" என்றேன்.

அப்போதாவது ஆமாம் என்றிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

வீட்டு வாசலிலேயே தேவி, "நைனா, கப்பு எங்க?" என்றாள். "பதினொண்ணுக்கு மேல எண்ண வரலம்மா நைனாவுக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் பதினொண்ணு. கம்பவுண்டர் வீட்டாரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! எவ்வளவு நல்ல கை வந்தாலும் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நேராக நாலுக்குப் போய் நிறுத்திவிடுவீர்கள். "ஏங்க, இன்னும் மேல போயிருக்கலாமே?" என்பார் கம்பவுண்டர் மனைவி. "வயசாயிடுச்சும்மா" என்பீர்கள். என்னைப் பதில் சொல்ல வைக்கக் கூடாது என்றுதானே?

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு எனக்கு வந்த கை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மூன்று ஏஸ். உங்கள் கேள்விக்காகக் காத்திருந்தேன். "ஃபோர் ஸ்பேட்" என்று சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்தீர்கள். கேள்வியை நானே கேட்டிருக்கலாம். ஆறு என்று நானே சொல்லியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. "பாஸ்" என்றேன். பதின்மூன்றும் நமக்கே விழுந்தன. நீங்கள் சீட்டை அடுக்கி வைத்துவிட்டு டீ கேட்டீர்கள்.

உங்கள் நாற்காலியில் இப்போது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி உட்காருகிறாள். நன்றாக ஆடுகிறாள். தயங்காமல் கேட்கிறாள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஆறு சொல்லிப் பன்னிரண்டு பிடியும் எடுத்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

தேவி திங்கட்கிழமைதான் ஊருக்குப் போகிறாள். ஞாயிறு மதியம் கம்பவுண்டர் வீட்டாரும் வருவார்கள். சீட்டைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவர்கள் முன்னால் நானே சத்தமாகப் படிப்பேன். நடுவில் நிறுத்தமாட்டேன். தேவி என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பொஞ்சாதி,
தேவியின் அம்மா,
கஸ்தூரி