நாற்பத்தெட்டுப் பலகைக்கு ஒரு பில்

பலாபத்வல,
17.11.2024.

அன்புள்ள ஹாஷிம் நானாவுக்கு, தங்கச்சி ஜஸ்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நல்ல சுகமாக இருக்க வேண்டும். இங்கே உம்மாவின் சீனி வருத்தம் கொஞ்சம் பரவாயில்லை. போன கிழமை கிளினிக்கில் ஒரு மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். மகள் ஸஹ்னா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மழை விட்டபாடில்லை.

இதை ஏன் ஃபோனில் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். நான் பேசும்போது உங்கள் மச்சான் றம்ஸி பக்கத்தில் இருப்பார். அவர் இல்லாத நேரம் எடுத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது, விஷயம் வருவதில்லை. சாச்சாவின் மகன் அகீல் நாளை டோஹாவுக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

நானா, நம் குழாய் பதிக்கிற கம்பெனியைப் பதிந்த நாளில் நீங்கள் பதினைந்து லட்சம் போட்டு, மூன்று பேரும் பணிப்பாளராகக் கையெழுத்து வைத்தோம். றம்ஸி வேலையைப் பார்ப்பார், நீ பில்களைப் பார் என்றீர்கள். நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். கணக்காளர் ஜைனுதீன் சேர் முதல் நாளே சொல்லித் தந்தார்: கம்பெனி வேறு, நீங்கள் வேறு, தொழிலுக்காகச் செலவானதை மட்டும் எழுதலாம், அதற்குக் கடதாசி இருக்க வேண்டும். அவரிடம் நான் கொண்டுபோகும் ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பார்த்து, “இது வேலைக்குத்தானா மகள்?” என்று கேட்பார். லொறி டீசல் எழுதினேன். சப்பாத்து, தொப்பி, பல்லேகமவில் பொடியன்மார் தங்க எடுத்த வீட்டு வாடகை எழுதினேன். ஃபோன் பில்லில் பாதிதான் எழுதினேன், மற்றப் பாதி நம் வீட்டுப் பேச்சு. குருநாகலுக்குக் கல்யாணத்துக்குப் போன டீசலை எழுதச் சொல்லி றம்ஸி சிரித்தபோதுகூட நான் விடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது அதை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

நிரஞ்சனை நீங்கள் பார்த்ததில்லை. மாத்தளை டவுனில் இருந்து வந்த பிள்ளை, முப்பத்தொரு வயது. குழாய் பதிக்கிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர். மாத முடிவில் பில்களை மடித்து, ரப்பர் பட்டி போட்டுக் கொண்டுவருவார். ஒரு தரம் கடைத் துண்டு ஒன்றை வெளியே எடுத்து வைத்து, “இது நான் குடிச்ச டீ அக்கா, கம்பெனிக்கு எழுதிடாதீங்க” என்றார். அப்படி ஒரு ஆள்.

ஜனவரி பதினாறாம் தேதி பல்லேகமவில் குழாய்க் குழிக்குள் மண் சரிந்து அவர் இறந்ததை உங்களுக்கு அப்போதே ஃபோனில் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. குழி ஒன்பது அடி. மூன்று நாள் மழை. அந்த ஆழத்துக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்து, மண் சரியாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இருக்கவில்லை. மற்ற மூன்று பேரும் தேத்தண்ணிக்கு மேலே ஏற, மட்டம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் கீழே நின்றார். பேக்கோ இயந்திரத்தால் தோண்டினால் அவர் மேலேயே பட்டுவிடும் என்று கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். நாற்பது நிமிடம் போனது.

ஒக்டோபர் கடைசியில், வரிக்கணக்கு அனுப்ப ஜைனுதீன் சேர் மார்ச்சில் முடிந்த வரி வருடத்து பில்கள் எல்லாவற்றையும் கேட்டார். றம்ஸியிடம் இருந்த ஃபைலையும் வாங்கி அடுக்கினேன். அதில் நிரஞ்சனின் உடலைக் கொண்டுவந்த வேன் கூலியும் ஒரு பில்லாக இருந்தது. இதை எழுதலாமா என்று சேரிடம் கேட்டேன். எழுதலாம், அது தொழில் செலவுதான் என்றார். அதற்கு அடுத்த பில்தான் பலகை பில். நாற்பத்தெட்டுப் பலகை, இருபது முட்டுக்கம்பு, மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம். தேதி ஜனவரி பத்து. மேலே றம்ஸியின் கையெழுத்தில், “பல்லேகம குழிக்கு முட்டு” என்று இருந்தது.

அந்தப் பலகைகளை இறக்கிய லொறிக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான்தான் நானா. அவை பல்லேகமவுக்குப் போகவில்லை. நம் வீட்டு முற்றத்தில் இறங்கின. பன்னிரண்டாம் தேதி மேல்மாடிக்குக் கொங்கிரீட் போட்டோமே, அதற்குக் கீழே அடித்தது அந்தப் பலகைகளைத்தான். வீட்டுக்கென்று வாங்கியவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

றம்ஸியிடம் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “குழிக்குத்தான் வாங்கினேன் ஜஸ்லா, சத்தியமா. மேஸன் அந்தக் கிழமை விட்டா ரெண்டு மாசத்துக்கு வர மாட்டேன்னுட்டான். பொங்கல் லீவு வருது, எப்படியும் வேலை மெதுவாத்தான் போகும், கழட்டி அனுப்பிடலாம்னு நெனச்சேன். அங்க மண் இறுக்கம்னு சொன்னாங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பொய் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் அதற்குப் பிறகு சொல்லச் சொன்னது பொய். வருகிற வியாழக்கிழமை நிரஞ்சனின் சாவைப் பற்றி நீதிமன்றத்தில் விசாரணை. நம் வக்கீல் அந்த பில்லைத்தான் நம்பியிருக்கிறார். பலகையைக் கம்பெனி கொடுத்தது, ஆட்களின் தலைவரான நிரஞ்சன்தான் அடிக்காமல் விட்டார் என்று சொல்லப் போகிறார்கள். மற்ற மூன்று பேருக்கும் அடுத்த வேலையில் இடம் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பில்களுக்குப் பொறுப்பான பணிப்பாளர் என்று, பலகை குழிக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் ஒரு சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். கடதாசி தட்டச்சு செய்து என் அலுமாரியில் இருக்கிறது. “செத்தவனுக்கு இனி என்ன வரப் போகுது, உயிரோட இருக்கிற நம்மளப் பாரு” என்று றம்ஸி சொல்கிறார்.

நான் ஜைனுதீன் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை பில்லைச் செலவில் இருந்து எடுத்துவிடுங்கள், அது வீட்டுச் செலவு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எடுத்தா வரி கூடும், அது பெரிய விஷயமில்ல மகள். ஆனா கணக்குல வீட்டுச் செலவுன்னு எழுதிட்டு, கோட்டுல வேற மாதிரிச் சொல்ல ஏலாது. அது தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?” என்றார். தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். றம்ஸியின் சொந்தச் செலவு என்று மாற்றி எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். போன புதன்கிழமை கணக்கு போய்விட்டது. றம்ஸிக்கு இன்னும் தெரியாது.

நேற்று துஷாராவைப் பார்க்கப் போனேன். நிரஞ்சனின் மனைவி. ஒரு அறையும் குசினியும் உள்ள வாடகை வீடு. தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தார். எழும்பி எனக்குக் கதிரை போட்டார். நிரஞ்சன் கவனமில்லாமல்தான் செத்தார் என்று ஊரில் பேசுகிறார்களாம். அவருடைய அண்ணன்மாரே அப்படிக் கேட்டார்களாம். நான் பலகை எங்கே இருந்தது என்று சொன்னேன். சொல்லி முடித்து, அவர் அடிப்பார், கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, “எத்தன பலகை அக்கா?” என்று கேட்டார். நாற்பத்தெட்டு என்றேன். “அத்தன வேணாமே. பக்கத்துக்குப் பத்து இருந்தா போதும்னு தானே அவரு சொல்லிக்கிட்டு இருந்தாரு” என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். “சனிக்கெழம உங்ககிட்ட ஃபோன்ல பேசினதா சொன்னாரு. செவ்வாக்கெழமைக்குள்ள பலகை வந்துடும்னு அக்கா சொல்லிட்டாங்கன்னு சொல்லித்தான் பொங்கலுக்கு அடுத்த நாள் காலையில பஸ் ஏறினாரு.”

நானா, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை நிரஞ்சன் எனக்கு ஃபோன் எடுத்தது உண்மை. பலகை வரவில்லை அக்கா, மழை வேற பெய்யுது என்றார். நான் றம்ஸியிடம் கேட்டேன். செவ்வாய்க்குள்ள வந்துடும்னு சொல்லு என்றார். சொன்னேன். அந்த நேரம் நம் வீட்டு மேல்மாடிக்குக் கீழே நின்றுதான் பேசினேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் இவை எந்தப் பலகை என்று கேட்கத் தோன்றியிருக்கும். எந்த பில்லையும் கேள்வி கேட்காமல் விடாத நான், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. மேல்மாடி சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

துஷாராவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசல் வரைக்கும் வந்தார். “கோட்டுல இத சொல்லுவீங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டார். சொல்லுவேன் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஒரு தரம் என் வாயில் இருந்து வந்த சொல்லை நம்பிய வீடு அது.

நான் சொன்னால் என்ன நடக்கும் என்று வக்கீலிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். றம்ஸியை மறியலில் அடைக்கலாம். கம்பெனி முடிந்துவிடும், நமக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனி கைகழுவிவிடும். உங்கள் பதினைந்து லட்சமும் போய்விடும். பணிப்பாளர் என்று உங்கள் பெயரும் இருப்பதால் உங்களிடமும் கேட்பார்கள். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் இரவு வேலை செய்து சேர்த்த காசு என்று எனக்குத் தெரியும்.

றம்ஸி கெட்டவர் இல்லை நானா. ஜனவரியில் இருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை. மேல்மாடிக்கு அவர் ஒரு நாளும் ஏறவில்லை. புதன்கிழமை இரவு நான் அவரிடம் சொல்லிவிடுவேன், வியாழன் காலை தெரியாமல் வந்து நிற்க விடமாட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவாரா, என்னை வீட்டில் வைத்திருப்பாரா என்று தெரியவில்லை. ஸஹ்னா வாப்பாவின் பிள்ளை. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதைத்தான் நினைக்க முடியவில்லை. பரீட்சை முடியும் வரைக்கும் உம்மாவோடு இருக்கட்டும் என்று பார்க்கிறேன். நீங்கள் அவளுக்கு ஃபோன் எடுத்து, படிப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள். வாப்பாவைக் குறைத்தும் பேச வேண்டாம், என்னை உயர்த்தியும் பேச வேண்டாம்.

விசாரணை காலை பத்து மணிக்கு. அன்றைக்கு ஸுபஹ் தொழுதுவிட்டு றம்ஸிக்காக துஆ கேளுங்கள். நிரஞ்சனின் வீட்டுக்காகவும் கேளுங்கள், அவர்கள் வேறு சமயம் என்று விட்டுவிட வேண்டாம். எனக்கு என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும், நானா. பத்து மணிக்கு முன்னால் எனக்கு ஃபோன் எடுக்காதீர்கள். சின்ன வயதில் இருந்து நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றையும் நான் செய்ததில்லை.

அல்லாஹ் உங்களை அந்த நாட்டில் சுகமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
ஜஸ்லா