பதினேழாம் எண் டோக்கனும் கறுப்புச் சட்டையும்

அனுப்புநர்:
குளிர்சாதன இயந்திரம் பழுதுபார்ப்பவர்,
ஒப்பந்தப் பணியாளர் எண் 118,
மொட்டைமாடி இயந்திர அறை,
ஓட்டுநர் உரிம அலுவலகக் கட்டடம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
ஓட்டுநர் உரிமத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: கறுப்பு உடை அணிந்திருந்தாள் என்பதற்காக என் தங்கையைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி மயங்கி விழச் செய்து, பழியை அவள் சட்டை மீது போட்ட அலுவலகக் கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: வாயிற்காவலரின் சம்பவப் பதிவேடு, பக்கம் 64, மே 12.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பதினாறு நாட்கள் காத்திருந்தேன். ஆறவில்லை. இனியும் காத்திருந்தால் மனு எழுதும் பொறுமைகூட எனக்கு மிஞ்சாது என்பதால் இன்றே எழுதுகிறேன்.

2. என் தங்கை நகரப் பேருந்து ஓட்டுநர். ஒன்பது ஆண்டுகளில் ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட உரசியதில்லை. வேலை நேரத்தில் சீருடை. மற்ற நேரமெல்லாம் கறுப்பு. நானும் அப்படியே. நாங்கள் இருவரும் மெட்டல் எனும் அதிரடி ராக் இசையின் பிரியர்கள்; கறுப்பு உடைதான் அதன் அடையாளம். பதினோரு பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் அவள்தான் பாடகி. குரலை வைத்து அவளுக்கு ‘இடி’ என்று பெயர். அவள் பயிற்சி செய்யும்போது பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொள்வது உண்மைதான். அதற்கும் இம்மனுவுக்கும் சம்பந்தமில்லை.

3. வெயில் காலத்தில் கறுப்பு போடலாமா என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் தாங்கள்தான் முதன்முதலில் இதைக் கண்டுபிடித்ததுபோலக் கேட்பார்கள். எங்களுக்கும் வியர்க்கும், ஐயா. எனவே வெயிலுக்கென்றே தனிக் கறுப்பு வைத்திருக்கிறோம்: தொளதொளவென்ற மெல்லிய பருத்திச் சட்டை. அரை மணிக்கு ஒருமுறை அதைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து மாட்டிக்கொள்வோம். தோல் ஜாக்கெட் எல்லாம் அலமாரியில் தூங்கும். சம்பவ நாளன்று நானும் கறுப்புச் சட்டையில் இதே கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு மணி நேரம் வேலை பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடியில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

4. மே 12 அன்று என் தங்கை உரிமத்தைப் புதுப்பிக்க வந்தாள். காலை எட்டரைக்கே வரிசையில் நின்று பதினேழாம் எண் டோக்கன் பெற்றாள். முதல் முப்பது பேர் கூடத்துக்குள் உட்காரலாம், மற்றவர்கள் முற்றத்தில் நிற்க வேண்டும் என்பது கண்காணிப்பாளர் போட்ட விதி. அந்த விதிப்படி அவளுக்கு உள்ளே நாற்காலி உண்டு. உட்கார்ந்தும் இருந்தாள்.

5. பத்தரை மணிக்குக் கண்காணிப்பாளர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். கூடத்தில் புழுக்கம் தாங்காமல் ஜனங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சுற்றிலும் பார்த்து, என் தங்கையையும், இருபத்திரண்டாம் எண்ணில் இருந்த எங்கள் கூட்டத்து ரொட்டிக் கடைக்காரரையும் விரலால் சுட்டி, “கறுப்புச் சட்டை ரெண்டு பேரும் எழுந்து வெளியில போங்க. வெயில் புடிச்சுதானே இப்படி உடுத்திட்டு வர்றீங்க? போய் நல்லா காயுங்க” என்றார். கூடத்தில் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவருக்கு அந்த நாற்காலிகள் கிடைத்தன.

6. முற்றத்தில் நிழல் கிடையாது. அங்கிருக்கும் குழாயில் திருகு கிடையாது. போன மாதமே கழற்றப்பட்டுவிட்டது. தெருமுனைக் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போகலாமா என்று என் தங்கை வாயிற்காவலரைக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். “போயிட்டு வர்றதுக்குள்ள நம்பர் கூப்பிட்டா டோக்கன் கேன்சல்மா, அப்புறம் என்னைத் திட்டாதீங்க” என்று உள்ளதைச் சொன்னார். எனவே அவள் அசையாமல் நின்றாள். பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே ஒலிபெருக்கியில் பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முற்றத்துக்கு அது கேட்காது. ‘ஆள் வரவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். பன்னிரண்டு பத்துக்கு அவள் விழுந்தாள். என் இயந்திர அறையின் வெளிச்சுவரில் தொங்கும் வெப்பமானி அப்போது நாற்பத்தொன்று காட்டியது. ரொட்டிக் கடைக்காரர் முற்றத்திலிருந்து கத்தியதைக் கேட்டுத்தான் நான் கீழே ஓடினேன். அவள் கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

7. இதன் பிறகு கண்காணிப்பாளர் செய்ததுதான் இம்மனுவின் சாரம். அவர் பதிவேட்டை வரவழைத்துத் தம் கைப்பட எழுதியது இது: “கடும் வெயிலில் கறுப்பு உடை அணிந்து வந்ததால் தாமாகவே மயங்கி விழுந்தார். மயக்கம் வரக்கூடிய இவர் பேருந்து ஓட்டத் தகுதியுடையவரா எனப் பரிசீலிக்கவும்.” இந்த இரண்டு வரிகளால் அவளது உரிமப் புதுப்பிப்பு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வரும் 31ஆம் தேதியோடு பழைய உரிமம் காலாவதியாகிறது. பணிமனையில் இப்போதே அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பழைய டயர்களுக்கு எண் போடும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். உடலில் நீர் வற்றியதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதித் தந்த சான்றைக் கண்காணிப்பாளர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. வீட்டில் அவள் யாரோடும் பேசுவதில்லை. பாடுவதும் இல்லை. பக்கத்து வீட்டாரே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

8. கூடத்தில் ஏன் புழுக்கம் என்று தாங்கள் கேட்கலாம். இக்கட்டடத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருவர். மாடியிலிருந்து இறங்கும் குளிர்காற்றுக் குழாய் இரண்டாகப் பிரிகிறது: பெரிய கிளை கூடத்துக்கு, சின்னக் கிளை கண்காணிப்பாளர் அறைக்கு. மார்ச் மாதத்தில் அவர் என்னை அழைத்துத் தம் அறை போதுமான அளவு குளிரவில்லை என்றார். கூடத்துக் காற்றைக் குறைத்தால்தான் முடியும் என்றேன். “குறைச்சிடுங்க. அங்க வர்றவங்க அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடுவாங்க. நான்தானே நாள் முழுக்க இங்க கிடக்கிறேன்” என்றார். கூடத்துக் கிளையில் காற்றைக் கூட்டிக் குறைக்க இருந்த தகடு முக்கால் பங்கு மூடப்பட்டு, நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டது. அன்றிலிருந்து கூடத்தில் முப்பத்துமூன்று டிகிரி, அவர் அறையில் பதினெட்டு. உள்ளே உட்கார்வோர் எண்ணிக்கையை முப்பதாக அவர் குறைத்ததும் அதன் பிறகுதான்.

9. பதினெட்டு டிகிரியில் அவருக்கே குளிர் எடுத்தது. மே மாதத்தில் கம்பளி ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார், ஐயா. அந்த ஸ்வெட்டரின் நிறம் கறுப்பு. பொய்ச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை: கருநீலமாகவும் இருக்கலாம்.

10. சம்பவத்துக்கு மறுநாள் காலை நான் கூடத்துத் தகட்டை முழுவதும் திறந்தேன். அந்த நான்கு திருகாணிகளைக் கொண்டே கண்காணிப்பாளர் அறைத் தகட்டை முழுவதும் மூடினேன். இப்போது கூடத்தில் இருபத்தைந்து டிகிரி. நூறு பேர் உட்கார்ந்தாலும் யாரும் சத்தம் போடுவதில்லை. அவர் அறையில் முப்பத்தாறு. தினமும் பதினொரு மணிக்கு, இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்கும் சாக்கில் அவர் அறை வாசலுக்குப் போகிறேன். முதல் நாள் ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தார். மூன்றாம் நாள் மேல் பொத்தான்கள் இரண்டு திறந்திருந்தன. இப்போது கழுத்தில் ஈரத் துண்டு. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. தகட்டைத் திறக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார். எழுத்துமூலம் உத்தரவு தரும்படி பணிவோடு கேட்டுக்கொண்டேன். இதுவரை தரவில்லை, தந்தால் மார்ச் மாதக் கதையும் வெளியே வந்துவிடும். அவர் அறையில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் என் தங்கை நின்ற முற்றத்தின் காற்று வரும்.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

அ) பதிவேட்டின் 64ஆம் பக்கத்தில் உள்ள அவ்விரு வரிகளையும் கண்காணிப்பாளரே தம் கையால் அடித்து, “நான் வெளியே அனுப்பியதால் விழுந்தார்” என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். வேறு யாரும் எழுதக் கூடாது. நான் அருகில் நின்று பார்க்க அனுமதி வேண்டும்.

ஆ) 31ஆம் தேதிக்குள் என் தங்கையின் உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டும். அவள் மீண்டும் வரிசையில் நிற்க மாட்டாள்.

இ) அதே முற்றத்தில், பத்தரை முதல் பன்னிரண்டு பத்து வரை, மேற்படி ஸ்வெட்டரோடு கண்காணிப்பாளர் ஒரு நாள் நிற்க வேண்டும். இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கோரிக்கையை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஈ) மார்ச் மாதத்தில் கூடத்துத் தகட்டை மூடியவர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். வாய்வார்த்தையை உத்தரவாக ஏற்று, முற்றத்தில் நிற்கப்போவது யார் என்று ஒரு நிமிடமும் யோசிக்காமல், நான்கு திருகாணிகளையும் நன்றாக முடுக்கிவிட்டு இறங்கி வந்தவன் நான்தான். கண்காணிப்பாளர் விரலைத்தான் நீட்டினார். அவளை வெளியே தள்ளிய புழுக்கம் என் கை வேலை. எனக்கு என்ன தண்டனை தந்தாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். அவருக்குத் தருவதைவிடக் குறைவாகத் தர வேண்டாம்.

12. திருகாணிகளை இன்று காலை கழற்றி இத்துடன் இணைத்துள்ளேன். அறைத் தகடு அவை இல்லாமலேயே மூடி நிற்கிறது. அதைத் திறக்கத் தங்கள் கையொப்பம் ஒன்று போதும். முதலில் 64ஆம் பக்கம், பிறகு தகடு என்ற வரிசையில் தாங்கள் உத்தரவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
பணியாளர் எண் 118

நாள்: மே 28
இடம்: மொட்டைமாடி இயந்திர அறை

இணைப்பு:
மருத்துவச் சான்றின் நகல்.
பதினேழாம் எண் டோக்கன்.
திருகாணிகள் – 4.

நகல்:
கண்காணிப்பாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.
என் தங்கைக்கு. தகட்டை மூடியது யார் என்று அவளிடம் நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.