பிஸ்கட்டின் முன்னங்கால்கள்

1913 செப்டம்பர் 3, புதன்

பண்ணையின் கடைசி மாடும் ரயில் ஏறிவிட்டது. இனி இந்தப் பக்கம் முள்வேலியும் செம்மறியும்தான். முப்பத்தொரு வருடம் மாடு ஓட்டிய நானும் டோபியும் இன்று கோழிக்கூண்டுக்குக் கதவு மாட்டினோம்.

மத்தியானம் மோட்டார் காரில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். எங்களைப் போலக் கிழடாகிப்போன மாட்டுக்காரர்களைப் பற்றித்தான் படமாம். "நிஜமான ஆளுங்க வேணும் பெரியவரே" என்றார் டைரக்டர் லெவரிட்.

"நிஜமான ஆளுங்களுக்கு முட்டி வலி இருக்கும், பரவாயில்லையா?" என்று டோபி கேட்டான்.

செப்டம்பர் 5

என் மீசைக்கு மாவு பூசினார்கள். ஏற்கெனவே வெள்ளைதானே என்றேன். போதாதாம். டோபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்: "டேய் ஹார்லன், உன்ன அப்படியே அடுப்புல வச்சா ரொட்டியாயிடுவ!"

செப்டம்பர் 8

லெவரிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டோபியின் குதிரை பிஸ்கட், அவனைச் சுமந்து பாய்ந்து வந்து தலைகுப்புற விழவேண்டுமாம். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு முன்னங்கால்களிலும் தோல்பட்டை; பட்டையிலிருந்து மெல்லிய கம்பி; கம்பியின் மறுமுனை தரையில் அடித்த முளையில். கம்பி தீர்ந்ததும் கால்கள் இழுபட்டுவிடும்.

"மணல் கொட்டி வச்சிருக்கோம், ஒண்ணும் ஆகாது. பட்டைய நீங்கதான் மாட்டணும், ஆனா அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உடம்ப இறுக்கிக்குவாரு, பொய்யாப் போயிடும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அது விழறதப் பாத்து நிக்கிற கிழவர் நீங்கதான். உங்க முகம் மட்டும், திரை முழுக்க" என்றார்.

திரை முழுக்க. அறுபத்துநாலு வயதில் அந்த ஒரு வார்த்தைக்குப் பல்லை இளித்தேன்.

டோபிக்கு இடுப்பு சரியில்லை. அவன் ஏறும்போது குதிரையின் காதைப் பிடித்து அசையாமல் நிறுத்துவது எப்போதும் நான்தான். நான் பிடித்துக் கொடுத்த குதிரையின் காலை அவன் குனிந்து பார்த்ததே கிடையாது.

செப்டம்பர் 9

செய்துவிட்டேன்.

செப்டம்பர் 11

எழுதாமல் இருக்க முடியவில்லை.

நன்றாகத்தான் ஓடி வந்தது. இந்த வருடம் அது அப்படி ஓடி நான் பார்க்கவில்லை. அப்புறம் விழுந்தது. மணல் இருந்த இடத்தைத் தாண்டி விழுந்தது. டோபி மயங்கிக் கிடந்தான், தோள் எலும்பு போச்சு. நான் முதலில் ஓடியது யாரிடம்? அவனிடமா? இல்லை. குதிரையின் கால்களில் இருந்த பட்டைகளை அவிழ்த்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அதுக்கப்புறம்தான்டா அவன்கிட்ட போனே நீ, மானங்கெட்டவனே!

கண் விழித்தவன் பிஸ்கட்டைப் பார்த்தான். அதன் கால் முறிந்து தொங்கியது.

"என்னடா ஆச்சு?"

"தரையில வளைக்கரடி தோண்டுன பொந்து. கால விட்டுடுச்சு."

"எனக்குக் கை தூக்க முடியல. நீயே சுட்டுடு. உன்னைத் தவிர வேற யாரும் அதைத் தொட வேணாம்."

சுட்டேன்.

நேற்று அவன் கட்டிலில் கிடக்க, நான் மறுபடி மாவு பூசிக்கொண்டு போய் நின்றேன். முகம் மட்டும் எடுக்கவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். போனேன்.

செப்டம்பர் 28

அவனுக்கு மொச்சை ஊட்டினேன். "நல்லவேளை, பக்கத்துல நீ இருந்த" என்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் அவனுக்கு ஊட்டுகிற சோற்றில். இன்று சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

டிசம்பர் 2

சொல்லவில்லை.

1914 பிப்ரவரி 7, சனி

தேவாலயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி மத்தியானம் படம் போட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்றேன். "உன் மூஞ்சி திரை முழுக்க வருதாமே, வாடா" என்று டோபி இழுத்துக்கொண்டு போனான்.

பிஸ்கட் வந்தது. டோபி என் தொடையில் தட்டினான். "பாருடா, எப்படி ஓடுது பாரு!"

விழுந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல்.

தன் குதிரை விழுந்ததை அவன் இன்றுதான் பார்க்கிறான். அன்று அதன் முதுகில் இருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? பொந்தில் விட்டால் மாட்டுவது ஒரு கால். மற்றது தரையைத் தேடித் துழாவும். மாடு மேய்த்த எவனுக்கும் இது தெரியும். துணியில் இரண்டு கால்களும் சேர்ந்து பின்னால் போயின.

என் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

அடுத்தது என் முகம். மாவு மீசையில் கண்ணீர் வழிகிறது. "பெரியவர் என்னமா நடிக்கிறாரு!" என்று முன்னால் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

வெளியே பனியில் நின்று, "ரெண்டு காலும், ஹார்லன்" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, பட்டை, முகம், எல்லாம். ஐந்து மாதம் வராத வார்த்தை, மாட்டிக்கொண்டபின் மளமளவென்று வந்தது. அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்னைக் கேட்டிருந்தா நானே விழுந்திருப்பேனேடா. பிஸ்கட்ட எதுக்குடா?"

பிப்ரவரி 8

படுக்கையைத் தொழுவத்துக்கு மாற்றிக்கொண்டான்.

மார்ச் 12

ரொட்டி சுட்டுத் தொழுவ வாசலில் வைக்கிறேன். எடுத்துக்கொள்கிறான். பேச்சு இல்லை. அடித்துவிட்டாலாவது தேவலை.

ஏப்ரல் 19

இன்று காலை தொழுவத்துப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஹார்லன், வந்து காதைப் பிடி."

பக்கத்துப் பண்ணைக்காரர் பழக்கித் தரச் சொல்லி விட்டுப்போன இளங்குதிரை. ஓடினேன், பொத்தான்கூடப் போடவில்லை. காதைப் பிடித்தேன். குதிரை நின்றது. ஏறிவிடுவான் என்று காத்திருந்தேன்.

டோபி குனிந்தான். அந்த இடுப்போடு முனகிக்கொண்டே குனிந்து, முன்னங்கால் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தான். பூட்ஸ் காலால் சுற்றியிருந்த புல்லை விலக்கிப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நிமிர்ந்து ஏறினான். "விடு" என்று அவன் சொல்லும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.