கழுநீர் மாதேவியார் பாறைப்பாதையில் நடந்து வருவது உரைத்த ஓலை

மூன்று புறமும் கடல் காக்க, நான்காம் புறம் கருங்குன்று காக்க, முனைநாடு ஆளும் கணையன் சேந்தனாருக்கு, வெள்ளலைப்பட்டினத்து அமைச்சன் தத்தன் வணங்கி விடுக்கும் ஓலை. உம் துறைகளில் வலை நிறைக. உம் சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்க. உம் மனையாளும் எங்கள் இளவரசியுமான எயினியாரின் வயிற்றில் வளரும் உயிர் குறையின்றி வெளிச்சம் காண்க. இங்கு மழை போதிய அளவு பெய்தது, குடிகள் நலம். எங்கள் அரசி கழுநீர் மாதேவியாரைப் பற்றியே இனி எழுதுவதெல்லாம்.

மன்னரே, ஐப்பசித் திங்களில் நீர் விடுத்த ஓலையை அவையில் வாசித்தவன் இவ்வமைச்சன். அதற்கு முன் நான்காண்டுகளில் உம்மிடமிருந்து வந்த மூன்று ஓலைகளையும் முத்திரை உடைக்காமல் பேழையில் வைக்கச் சொன்ன தேவியார், அன்று மட்டும் திறக்கச் சொன்னார், காரணம் கூறவில்லை. இளவரசியார் கருவுற்று ஆறு திங்கள் ஆயின என்றும், சென்ற ஆண்டு கரு தங்காமல் போனமையால் மருத்துவச்சி அஞ்சுகிறாள் என்றும் எழுதியிருந்தீர். அவர் எவரையும் வரச் சொல்லவில்லை என்றும், ஆயினும் வடக்கே எங்கள் பக்கமிருந்து உப்பு வணிகர் வரும் நாளெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு முற்றத்தில் வந்து நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர். அவ்வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார் தேவியார். வாசித்தேன். அவை கலைந்தது.

மறுநாள் எவ்வழியாகச் செல்வது என்ற ஆலோசனை நடந்தது. மாசி பிறவாமல் உங்கள் முனையைச் சுற்றி மரக்கலம் ஓடாது. பேறோ தைத் திங்கள் முடிவில். உள்நாட்டுச் சாலை மலைநாட்டரசர் கையில் இருக்கிறது. அவருக்கு மணம் பேசிய எங்கள் இளவரசியார் உம்மைத் தேர்ந்து சென்ற நாள் முதல் அவர் எங்கள் ஆட்களை அச்சாலையில் விடுவதில்லை என்பதை நீர் அறிவீர். எஞ்சியது கடலோரப் பாறைப்பாதை ஒன்றே. ஆறு நாள் நடை. பல்லக்கு போகாது, குதிரை போகாது. தேர்ந்த மருத்துவச்சி ஒருத்தியைச் சீர்வரிசைகளோடு அனுப்பினால் போதுமே என்று படைத்தலைவர் பணிந்து கூறினார். மருத்துவச்சி அவளிடம் இருக்கிறாள், தாய்தான் இல்லை என்று தேவியார் விடையிறுத்தார். ஐம்பத்து மூன்று வயதில், அரண்மனைத் தோட்டத்துக்கு அப்பால் கால் நடையாகச் சென்றறியாத அவர் அவ்வாறு கூறியபோது எவரும் நம்பவில்லை.

வழிகாட்டியாகக் கொற்றி என்பவளை அழைத்தோம். கருவாட்டுக் கூடை சுமந்து ஆண்டுக்கு எட்டு முறை அப்பாதையைக் கடப்பவள்; வயதில் தேவியாருக்கு ஓராண்டு இளையவள்; அரசவைப் பேச்சு பழகாதவள். வந்தவள் முதலில் தேவியாரின் உள்ளங்காலைக் காட்டச் சொன்னாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு அரை நாள் தாங்க மாட்டீர்கள் என்றாள். காவலர் சினந்தனர். தேவியார் சினவாமல், எத்தனை நாளில் தாங்கும் என்று கேட்டார். நாற்பது நாள் என்றாள் கொற்றி.

அந்த நாற்பது நாளும் பட்டினத்துக் கடற்கரை கண்ட காட்சியை எந்த நாட்டுக் குடியும் கண்டிராது. முதலில் ஈரமணலில், பின்பு சரளைக்கல்லில், பின்பு பாசி படிந்த பாறையில் தேவியார் வெறுங்காலோடு நடந்தார். கொப்புளம் உடைந்த காலுக்கு விளக்கெண்ணெய் தடவி, எருமைத்தோல் செருப்பு அணிந்து மீண்டும் நடந்தார். முதுகில் மணல்மூட்டை, வாரந்தோறும் அதில் இரண்டு படி மணல் கூடியது. கடலின் ஓதம் ஏறும் பொழுதும் இறங்கும் பொழுதும் மனப்பாடமாயின. இரண்டாம் நாளும் நான்காம் நாளும் மட்டுமே வழியில் குடிநீர் உண்டு என்பதால் இரண்டு சுரைக்குடுவைகளை நிறைத்து, தாகம் வந்தபின் நூறு அடி நடந்து, அதன்பின் ஒரு மிடறு குடிக்கப் பழகினார்.

ஆயினும் மூட்டையில் வைக்க அவர் எடுத்தவை இன்னும் அரசியின் பொருள்களாகவே இருந்தன. பொற்கிண்கிணி, பட்டுத் தொட்டில்விரிப்பு, குலத்து முத்துமாலை, மன்னிப்பு வழங்கி எழுதிய செப்பேடு. ஆம் மன்னரே, உம்மையும் இளவரசியாரையும் மன்னித்தோம் என்று பொறித்த செப்பேடு ஒன்று இருந்தது. அதன் வாசகத்தை எழுதியவன் இவ்வமைச்சனே. மூன்றாம் நாள் இவற்றை நீங்களே கடலில் எறிவீர்கள் என்று கொற்றி கூறியதைத் தேவியார் செவிமடுக்கவில்லை.

மார்கழிப் பிற்பகுதியில், முழுச் சுமையோடு ஒரு நாள் பாதையை நடந்து பார்க்க இருவரும் சென்றனர். அன்று நிகழ்ந்ததைக் கொற்றி சொல்லியும், பின்னர் தேவியார் சொல்லியும் அறிந்தேன். இரட்டைக்கழி என்னும் கடல்நீர் ஓடையில் ஓதம் ஏறத் தொடங்கிய நேரம், விரைந்து கடக்க முயன்ற தேவியார் பாசியில் வழுக்கி விழுந்தார். இடது முழங்கால் பிளந்தது. சுமை அவரை நீருக்குள் இழுத்தது. கொற்றி மூட்டையின் வாரைப் பற்றி இழுத்து அக்கரை சேர்த்தாள். நீர் மீண்டும் வடியும்வரை திரும்ப வழியில்லை. ஆகவே அருகிலிருந்த உயர்ந்த பாறையொன்றில் ஏறி அமர்ந்தனர். அங்கிருந்து பார்த்தால் பட்டினத்துக் கோட்டை வாயில் விரல் நகம் அளவில் தெரியும். அடுத்த திருப்பத்தில் மறைந்துவிடும்.

கொற்றி காயத்தைக் கட்டியபடியே, உங்கள் மகளும் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள் என்றாள். தேவியார் திகைத்தார். நான்காண்டுகளுக்கு முன் உம்மையும் இளவரசியாரையும் இவ்வழியே அழைத்துச் சென்றவள் அவளே என்பதை அதுவரை எங்களில் எவரும் கேட்டறியவில்லை. எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தேவியார் வினவினார். ஒரு ஓதம் முழுக்க என்றாள் கொற்றி. நீர் வடிந்த பின்னும் எழுந்திருக்கவில்லை. அம்மா வாயில்வரை வந்தால் இங்கிருந்து தெரியுமா என்று மூன்று முறை கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். அதனால் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்றாள்.

அன்று தேவியார் எங்கிருந்தார் என்பது எனக்குத் தெரியும், மன்னரே. வாயிலுக்கு நூறு அடி தொலைவில், கதவடைத்த அறையில், கையில் ஓலையேதும் இல்லாமல், அரசாங்க அலுவல் இருப்பதாக எங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அமர்ந்திருந்தார்.

நீர் வடியும்வரை அவர் அப்பாறையிலிருந்து கோட்டை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கொற்றி கூறினாள். நொண்டியபடி திரும்பி வந்தவர், பயணத்தைக் கைவிடுமாறு வேண்டிய அமைச்சர் குழுவின் சொல்லைக் கேட்டுவிட்டு, காயம் ஆறப் பதினான்கு நாள் போதும் என்றார். பின்பு மூட்டையை அவிழ்த்தார். கிண்கிணியும் மாலையும் பட்டுவிரிப்பும் கருவூலத்துக்குத் திரும்பின. செப்பேட்டை என் கையில் கொடுத்து உருக்கிவிடச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நானல்லவா தத்தனாரே என்றார்.

இப்போது அம்மூட்டையில் இருப்பவை இவை: வறுத்த அரிசிமாவும் கருப்பட்டியும், ஒரு கம்பளி, நீண்ட கயிறு, தீக்கல், பேறுகால மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் பெருங்காயமும். மீதி இடமெல்லாம் துவைத்துத் துவைத்து மெலிந்த பழம்பருத்திச் சேலைகள். பிறந்த குழந்தையின் தோலுக்குப் புதுத்துணி ஆகாதென்று, தம் சேலைகளைத் தாமே கிழித்து மடித்து வைத்தார்.

முழங்கால் இன்னும் முழுதும் மடங்குவதில்லை. ஆகவே ஆறு நாள் என்பது ஏழாகலாம். இதனை அறிந்து நீர் செய்ய வேண்டுவதாகத் தேவியார் கேட்டுக்கொள்பவை: ஐந்தாம் நாள் வழியில் நீரில்லாத நெடும்பாறைத் துறையில் இரண்டு குடம் நன்னீர் வைத்திருக்க வேண்டும். சங்கும் முரசும் குடையும் எதிர்கொள்ள வரலாகாது. எட்டாம் நாள் விடியலிலும் வந்து சேராவிடில் மட்டும் ஆட்களைத் தேடி அனுப்ப வேண்டும். இளவரசியார் காண மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. கொற்றியின் உறவினர் குடிலில் பேறு முடியும்வரை தங்கியிருப்பார். சேலைகளை மட்டும் உள்ளே அனுப்புவார்.

தைத் திங்கள் மூன்றாம் நாள், மழை வெளிவாங்கிய காலையில், அமைச்சன் தத்தன் எழுதி, வெள்ளலைப்பட்டினத்து இரட்டைச்சங்கு முத்திரை இட்டு, விரைந்தோடும் தூதன்வசம் விடுத்தது. எழுதி முடியும் முன்னரே தேவியார் மூட்டையுடன் வந்து நின்று, எழுத்தாணியை வாங்கி, ஓலையின் ஓரத்தில் தம் கையாலேயே ஒரு வரி கீறிவிட்டுக் கொற்றியோடு இறங்கி நடந்தார். மற்றவை யாவும் பிறகு இருக்க, அவ்வரியை இளவரசியாருக்கு முதலில் வாசித்துக் காட்டுக. இது தேவியாரின் ஆணை.

எயினி, கிளம்பிவிட்டேன். அம்மா.