சுறாவுக்கான ரீல்

இன்னாங்க,

சோறு வடித்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

அலமாரியைத் திறந்ததும் கத்தாதீர்கள். உங்கள் பெரிய தூண்டில் ரீலை மூர் மார்க்கெட்டில் கொடுத்துச் சின்னதாக மாற்றிவிட்டேன். பழையது கடலுக்கானதாம். "இத்த வச்சிகினு மணிமங்கலம் ஏரியில வெரால் புடிக்கிறாரா, சுறா புடிக்கிறாரா?" என்று கடைக்காரர் சிரித்தார். அந்தக் கனத்தில்தான் உங்கள் மணிக்கட்டு வீங்கியது. விராலுக்கு ரீல் சின்னதாக இருக்கலாம், தூண்டில் நரம்புதான் தடியாக இருக்கணுமாம். அதையும் சுற்றித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தூண்டிலோடு கிளம்பியபோது, "ஏரியையே கட்டிகினு இருக்கலாமே" என்றேன். அது கோபமில்லை. தினமும் காலையில் உங்கள் நைட் ஷிப்ட் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஸ்ரீபெரும்புதூரில் எதிரெதிரே போகின்றன. நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறீர்கள். நான் மட்டும் பார்க்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

செங்கமலம்

பின்குறிப்பு: உங்களுக்கு இதைவிட ஒரு அளவு பெரியதுதான் தோது என்று கடைக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. என் கையில் பிடித்துச் சுற்றிப் பார்த்துத்தான் இதை எடுத்தேன். வருகிற ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.